பாதி வழியில் நின்ற பெட்டி

வானத்திலே, பூமத்திய இரேகைக்கு நேர்மேலே, 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதி ஒன்றிலிருந்து புறப்படும் படமும் பாட்டும் கால் செக்கனுக்குள்ளாக எமது வீட்டுக் கூரையிலுள்ள டிஷ்ஷிலே வந்து சேர்ந்துவிடுகின்றன. அத்துணைத் தூரத்தையும் தவறாது கடந்து வருகின்ற இந்த விந்தை, ரிசீவர்ப் பெட்டியிலே நாம் செருகுகின்ற விரலளவு பென் ட்ரைவ் ஒன்றில் இடறி விழுவதுண்டு. அவ்வாறு விழுந்த ஒரு பெட்டியைப் பற்றியும், அதன் பொருட்டுக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்ட ஒரு மாணவனைப் பற்றியும் ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

பூமியோடு கூடவே சுழன்று ஓரிடத்தில் அசையாது நிற்பது போலத் தோன்றும் செய்மதிகளைக் கொண்டு உலகெங்கும் ஒலிபரப்பலாம் என்பதை 1945 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்து ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ என்னும் ஆங்கிலச் சஞ்சிகையில் விளக்கி எழுதியவர் ஆதர் சி. கிளார்க். 1956 இல் இலங்கைக்கு வந்த அவர் 2008 இல் காலமாகும் வரை இங்கேயே வாழ்ந்தவர் என்பதை மாணவர் அறிவர். ஆனால், அவர் அந்நாளிற் கற்பனை செய்தவை மனிதர் தங்கியிருந்து பழுது பார்க்கும் வான் நிலையங்களே. வெற்றிடக் குழாய்கள் எரிந்துபோகும் காலமல்லவா அது! இன்றோ மேலேயுள்ள செய்மதியில் ஆளில்லை. கீழே எமது கூடத்திலுள்ள பெட்டிக்குத்தான் ஆள் தேவைப்படுகின்றது.

எமது ஊரிலே தனித்து வாழும் ஆச்சி ஒருவர் உளர். பிள்ளைகள் மூவரும் கடல் கடந்து போய்விட்டனர். மாலையில் விளக்கேற்றிய பின் கோயிற் பூசைகளை ஒளிபரப்பும் அலைவரிசை ஒன்றைப் பார்ப்பதே அவருக்கு நாளின் பெரும் பொழுது. சில மாதங்களாக அந்த அலைவரிசையிற் படம் தெரியும், ஒலி கேளாது. எம்மிடம் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவன் ஒருவன் அயல் வீட்டுக்காரன். பெட்டியை உற்பத்தி செய்தவர்கள் வெளியிட்டிருந்த புதிய கோப்பு இக்குறையை நீக்கும் என்று அறிந்து, அதைப் பென் ட்ரைவில் ஏற்றிக்கொண்டு போனான். சென்ற வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது, வேறு விதமாக. பெட்டியின் முகப்பில் ‘பூட்’ என்ற ஆங்கிலச் சொல் மட்டும் ஒளிர்ந்தது. திரையில் ஒன்றுமில்லை. றிமோட்டுக்கு மறுமொழியில்லை.

ஆச்சியின் மகன் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியிற் கடிந்துகொண்டார். ஓட்டோ ஓட்டிப் பிழைக்கும் மாணவனின் தந்தையார், புதுப்பெட்டி ஒன்றைத் தவணைப் பணத்தில் வாங்கித் தருவதாக வாக்களித்துவிட்டார். செய்தி எம்முடைய காதுக்கும் எட்டியது. நாமும், விடயத்தை ஆராயாமலே, வகுப்பில் மற்றவர் முன்னிலையில் அவனை ஏசினோம். தெரியாத வேலையில் கைவைப்பது அறிவுடையோர் செயலன்று என்று நீண்டதோர் உபதேசமும் செய்தோம். அவன் தலைகுனிந்து நின்றான். மணி அடித்த பின் எம்மிடம் வந்து, “சேர், கோப்புப் பிழையில்லை. நான் வெளிக்கிடேக்கை முப்பத்தெட்டு வீதத்திலை நிண்டது” என்று மட்டும் சொன்னான்.

அந்த முப்பத்தெட்டு என்ற எண்தான் எம்மைச் சிந்திக்க வைத்தது.

அழிப்பதற்கு முன்னும் பின்னும்

ரிசீவர்ப் பெட்டி என்பது உண்மையில் ஒரு சிறிய கணினியே. அலைவரிசையைத் தேடுதல், படத்தை விரித்தல், றிமோட்டின் கட்டளைக்குச் செவி சாய்த்தல் ஆகிய யாவற்றையும் செய்விக்கும் மென்பொருள் அதனுள் நிலையாகப் பதிந்திருக்கும். ஆங்கிலத்தில் இதனை ஃபேர்ம்வெயார் என்பர்; நாம் உள்மென்பொருள் என்று சொல்லிக் கொள்வோம். இது குடியிருக்கும் இடம் ஃபிளாஷ் நினைவகம் என்னும் சிறு சிப்பு. குறைந்த விலைப் பெட்டிகளில் அதன் கொள்ளளவு 4 அல்லது 8 மெகாபைற் அளவினதாகவே இருப்பதுண்டு. கைத்தொலைபேசியால் எடுத்த ஒரு புகைப்படத்தின் அளவு என்று சொல்லலாம்.

ஃபிளாஷ் நினைவகத்தைக் கண்டுபிடித்தவர் தொஷிபா நிறுவனத்திற் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா என்னும் யப்பானியர். 1984 இல் அதனை உலகுக்கு அறிவித்தார். அழிக்கும்பொழுது ஒரு பகுதி முழுவதும் ஒரே வீச்சில் அழிந்துபோவது, புகைப்படக் கருவியின் ஒளி வீச்சை நினைவூட்டியமையால் அவருடைய சகபாடி ஒருவர் இப்பெயரைச் சூட்டினார். பெயரிலேயே எமது கதையின் திறவுகோல் இருக்கின்றது. காகிதத்தில் ஓரெழுத்தைத் திருத்த அவ்வெழுத்தை மட்டும் அடித்தெழுதலாம். ஃபிளாஷில் அது முடியாது. அந்த எழுத்து இருக்கும் பகுதி முழுவதையும் துடைத்த பின்னரே புதிதாக எழுதுதல் வேண்டும். ஆகவே உள்மென்பொருளைப் புதுப்பிக்கும் பெட்டி, பழையதை வைத்துக்கொண்டே புதியதை அடுக்கி வைப்பதில்லை. பழையதைத் துடைத்துவிட்டே புதியதை எழுதுகின்றது. அந்த இடைவேளையில் பெட்டிக்குள் பழைய மென்பொருளும் இல்லை, புதியதும் முழுமையாக இல்லை.

விலையுயர்ந்த கருவிகளில் இரண்டு பிரதிகளுக்கு இடம் ஒதுக்கியிருப்பர். ஒன்றில் இயங்கிக்கொண்டே மற்றதைப் புதுப்பிக்கும் இம்முறை, அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளுக்கு 2016 இல் ஏழாவது பதிப்புடன் வந்தது. மலிவுப் பெட்டி செய்வோர் சிப்பின் விலையிற் சில சதங்களை மிச்சம் பிடிக்கின்றனர். அந்த மிச்சத்தின் விலையைத் தூரத்தில் ஓர் ஆச்சி கொடுக்கின்றார். இது எமது அபிப்பிராயம்.

புதுப்பித்தல் தோல்வியுற்றது என்று ஒருவர் கூறும்போது முதலிற் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: தோல்வி அழிப்பதற்கு முன் நேர்ந்ததா, பின் நேர்ந்ததா? பெட்டி முதலிற் கோப்பைத் தேடும், பின் வாசிக்கும், பின் சரிபார்க்கும், அதன் பின்னரே அழிக்கும், ஈற்றில் எழுதும். “கோப்பு இல்லை”, “யூ.எஸ்.பி. இல்லை”, “இந்த மாதிரிக்குப் பொருந்தாது”, “சரிபார்ப்புப் பிழை” என்ற வாசகங்கள் எவை தோன்றினும் பயப்படுவதற்கு ஏதுமில்லை. பெட்டி இன்னும் பழையதைத் தொடவில்லை. பென் ட்ரைவைக் கழற்றிவிட்டு வழக்கம்போல் தொலைக்காட்சி பார்க்கலாம். நூற்றுவீதம் நகரத் தொடங்கிய பின் நின்றாலே ஆபத்து.

பென் ட்ரைவின் குற்றங்கள்

அழிப்பதற்கு முன் நேரும் தோல்விகளுக்குப் பெரும்பாலும் பெட்டி காரணமன்று. பென் ட்ரைவே காரணம். அதிலும் அது எவ்விதம் போர்மற் செய்யப்பட்டிருக்கின்றது என்பதே முதற் காரணம்.

நூலகத்திலே புத்தகங்களை அடுக்கி வைக்கும் முறை ஒன்றிருப்பது போல, பென் ட்ரைவிலே கோப்புகளை அடுக்கும் முறைகள் பல உள்ளன. ஃபாற் 32 என்பது 1996 இல் விண்டோஸ் 95 இன் திருத்திய பதிப்புடன் வந்த பழைய முறை. எக்ஸ்ஃபாற் என்பது 2006 இல் வந்தது. என்.ரி.எஃப்.எஸ். என்பது கணினியின் பெரிய தட்டுகளுக்கு உரியது. ரிசீவர்ப் பெட்டியின் சின்ன மூளைக்கு உறுதியாகத் தெரிந்த மொழி ஃபாற் 32. மற்றவற்றைச் சில பெட்டிகள் வாசிக்கும். பல பெட்டிகள் வாசியா. இன்னுமொரு நுட்பமும் உண்டு. வழமையான இயக்கத்தின்போது என்.ரி.எஃப்.எஸ். தட்டிலிருந்து திரைப்படம் காட்டும் பெட்டியே, புதுப்பிக்கும் வேளையிலோ பழுதிலிருந்து மீளும் வேளையிலோ ஃபாற் 32 ஐ மட்டும் அறிந்திருக்கலாம். “படம் ஓடுகின்றதே, கோப்பை ஏன் காணவில்லை?” என்று திகைப்போர் இதனைக் கவனிக்க.

இக்காலத்தில் கடையில் வாங்கும் 64 கிகாபைற் பென் ட்ரைவுகள் எக்ஸ்ஃபாற் முறையிலேயே பெரும்பாலும் வருகின்றன. புதிதும் பெரிதும் நல்லது என்று எண்ணி அதனைச் செருகுவோர் ஏமாறுவர். அலுமாரி மூலையிற் கிடக்கும் பழைய 4 அல்லது 8 கிகாபைற் பென் ட்ரைவே இவ்வேலைக்கு உகந்தது. அதனை ஃபாற் 32 ஆகப் போர்மற் செய்து, வேறெந்தக் கோப்பும் இல்லாது, தேவையான கோப்பை மட்டும், எந்தக் கோப்புறைக்குள்ளும் வையாது நேரே இடுதல் வேண்டும். போர்மற் செய்யும்போது உள்ளிருப்பவை யாவும் அழியும் என்பதை மறத்தலாகாது. இதனை மறந்து மகளின் திருமணப் படங்களை இழந்தவர் ஒருவரை நாம் அறிவோம்.

ஹார்ட் டிஸ்க்கை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். பெட்டியிலுள்ள யூ.எஸ்.பி. 2.0 துளை கொடுக்க வேண்டிய மின்னோட்டம் 500 மில்லி அம்பியர். மலிவுப் பெட்டி அதையும் திடமாகக் கொடுக்கும் என்று நம்புவதற்கில்லை. தட்டுச் சுழலத் தொடங்கும் வேளையில் மின் தாழ்ந்து, வாசிப்பு இடையில் அறுந்துபோகலாம். நீட்டுக் கம்பிகளும் வேண்டாம்.

அடுத்தது கோப்பின் பெயர். சில பெட்டிகள் தாம் எதிர்பார்க்கும் பெயரையன்றி வேறெதையும் ஏறெடுத்தும் பாரா. விண்டோஸ் கணினி, தனக்குத் தெரிந்த கோப்பு வகைகளின் ஈற்றெழுத்துகளை மறைத்துக் காட்டும் வழக்கமுடையது. ‘பின்’ என்று முடியும் கோப்பின் முடிவு மறைந்திருக்க, அது இல்லையென்று எண்ணி நாம் மீண்டும் ‘பின்’ என்று சேர்த்து எழுதினால், பெயர் இரட்டை வாலுடன் முடியும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும். பெட்டிக்குப் பிழையாகத் தெரியும். சுருக்கி அனுப்பப்பட்ட ‘சிப்’ கோப்பை விரிக்காமலே இடுவோரும் உளர். அப்பிள் கணினியில் ஏற்றினால், அதே பெயருக்கு முன்னே புள்ளியும் கீழ்க்கோடும் கொண்ட சின்னஞ்சிறு மறைகோப்பு ஒன்று கூடவே ஏறிக்கொள்ளும். பெட்டி அதனையே உண்மைக் கோப்பென்று எடுத்து வாசித்துப் பிழையென்று தள்ளுவதுண்டு.

கோப்பு முழுமையாக வந்ததா என்பதைப் பெட்டி எங்ஙனம் அறிகின்றது? சுற்றுலா முடிந்து திரும்பும்போது ஆசிரியர் பேருந்திலே பிள்ளைகளின் தலைகளை எண்ணுவதை நினைத்துக் கொள்க. நாற்பது பேர் போனால் நாற்பது பேர் இருத்தல் வேண்டும். ஆனால் ஒரு பிள்ளை இறங்கி, வேறொரு பள்ளிப் பிள்ளை ஏறியிருந்தால் இந்த எண்ணிக்கை அதனைக் காட்டாது. ஆகவே கணினியறிஞர் இதனினும் கூர்மையான முறையொன்றைக் கைக்கொண்டனர். முழுக் கோப்பையும் மிக நீண்ட ஓர் எண் போலக் கருதி, குறித்த ஓர் எண்ணால் வகுத்தது போன்று, மீதியை மட்டும் குறித்து வைக்கின்றனர். கோப்பில் ஓரிடம் மாறினும் மீதி மாறிவிடும். சி.ஆர்.சி. எனப்படும் இம்முறையை 1961 இல் வகுத்தவர் வெஸ்லி பீற்றர்சன். “சி.ஆர்.சி. பிழை” என்று பெட்டி கூறினால், கோப்பு வழியிற் சிதைந்துவிட்டது என்பது பொருள். மீண்டும் இறக்கி, பைற் கணக்கில் அளவை ஒப்பிட்டு, வேறு பென் ட்ரைவில் இடுதல் வேண்டும். கணினியிலிருந்து பென் ட்ரைவைப் பிடுங்குமுன் முறைப்படி விடுவிக்காமையும் இச்சிதைவுக்கு அடிக்கடி காரணமாகின்றது.

ஆயினும் மாணவர் ஒன்றை நன்கு உணர்தல் வேண்டும். மீதி சரியென்றால் கோப்புச் சிதையவில்லை என்பது மட்டுமே உறுதி. அது இந்தப் பெட்டிக்கு உரியதென்பது உறுதியன்று. ஒரே பெயரும் ஒரே தோற்றமும் உடைய இரு பெட்டிகளுள் வேறு வேறு சிப்புகள் இருப்பதுண்டு. பெட்டியின் அடியிலுள்ள சீட்டையும், பட்டியலில் தகவல் என்னும் பக்கத்திற் காணும் வன்பொருட் பதிப்பு எண்ணையும் எழுதி வைத்து ஒப்பிட்ட பின்னரே கோப்பை இறக்கலாம். கட்டண அலைவரிசைகளையெல்லாம் இலவசமாகத் திறந்துவிடும் என்று கூறிப் பரப்பப்படும் கோப்புகள் சட்டத்துக்கு மாறானவை என்பது ஒருபுறமிருக்க, அவற்றாற் செத்த பெட்டிகள் திருத்தும் கடைகளிற் குவிந்து கிடக்கின்றன. கட்டணச் சேவைப் பெட்டி வைத்திருப்போர் பென் ட்ரைவைத் தேடவே வேண்டியதில்லை. அவற்றுக்குரிய புதிய மென்பொருள் பெரும்பாலும் செய்மதி வழியே வந்து இறங்கும்.

உயிர் எங்கே இருக்கின்றது?

இனி, எழுதும் வேளையில் நின்றுபோன பெட்டிக்கு வருவோம். அது செத்துவிட்டதா?

ஃபிளாஷ் நினைவகத்தின் தொடக்கத்திலே மிகச் சிறிய நிரல் ஒன்று தனியே இருக்கும். பூட்லோடர் என்பது அதன் பெயர். மின்சாரம் வந்தவுடன் முதலிற் கண் விழிப்பது அதுவே. பெரிய மென்பொருள் எங்கே என்று தேடி, அதன் கையில் வேலையை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது அதன் கடமை. நல்ல முறையில் எழுதப்பட்ட புதுப்பிப்பு, பெரிய மென்பொருளை அழிக்குமேயன்றிப் பூட்லோடரைத் தொடாது. முகப்பில் ‘பூட்’ என்ற சொல் ஒளிர்ந்தது என்றோமல்லவா? அந்தச் சொல்லை எழுதியது யார்? ஏதோ ஒரு நிரல் இன்னும் உயிரோடிருந்து எழுதியதாகவே இருத்தல் வேண்டும். முகப்பு முற்றாக இருண்டு கிடந்தாற்கூட உடனே கைவிடுவதற்கில்லை. பல வேளைகளில் பழுதாகியிருப்பது மின் அடப்டராகவே இருக்கும்.

செவ்வாய்க் கிரகத்திலும் இத்தகையதொரு நிலை ஏற்பட்டது. 2004 ஜனவரி 4 ஆம் நாள் அங்கு இறங்கிய அமெரிக்காவின் ‘ஸ்பிரிற்’ ஊர்தி, ஜனவரி 21 ஆம் நாள் ஒழுங்காகப் பேசுவதை நிறுத்திவிட்டது. அதன் ஃபிளாஷ் நினைவகத்திற் கோப்புகள் மிகுந்து, கணினி விழிப்பதும் விழுவதுமாக 60 தடவைக்கு மேல் மீண்டும் மீண்டும் தொடங்கிக்கொண்டிருந்தது. ஃபிளாஷைத் தொடாமலே விழிக்கும்படி பூமியிலிருந்து கட்டளை அனுப்பி, பின் தேவையற்ற கோப்புகளை நீக்கி, ஈற்றில் அந்நினைவகத்தைப் போர்மற் செய்து ஊர்தியை மீட்டெடுத்தனர். காரணம் வேறாயினும் வழி ஒன்றே: எந்தச் சிறு நிரல் இன்னும் உயிரோடிருக்கின்றதோ அதனோடு பேசுதல்.

எமது பெட்டிகளிற் பூட்லோடரோடு பேசுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. சிலவற்றில், பென் ட்ரைவைச் செருகி, முகப்பிலுள்ள பொத்தான் ஒன்றை அழுத்திப் பிடித்தபடி மின்சாரத்தைக் கொடுத்தால், பூட்லோடர் தானே கோப்பைத் தேடும். எந்தப் பொத்தான், என்ன பெயர் என்பன பெட்டிக்குப் பெட்டி வேறுபடும். உடன் வந்த தாளைப் பார்த்தல் வேண்டும். மற்றவற்றில் ஆர்.எஸ். 232 என்னும் பழைய தொடர் இணைப்பு வழியே கணினியிலிருந்து அனுப்புதல் வேண்டும். மூன்று கம்பிகள் போதும்: பேசுவது, கேட்பது, நிலம். கணினியின் பேசும் கம்பி பெட்டியின் கேட்கும் கம்பிக்கும், பெட்டியினது கணினியினதுக்குமாக மாறிச் செல்லுதல் வேண்டும். பெரும்பாலும் செக்கனுக்கு 115,200 பிற் வேகம். இரண்டு வழியும் அடைபட்டால், சிப்பைக் கழற்றித் தனிக் கருவியில் வைத்து எழுதும் வேலை இருக்கின்றது. அது கை தேர்ந்த திருத்துநரின் வேலை.

ஆச்சியின் வீட்டில்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மாணவனை அழைத்துக்கொண்டு ஆச்சி வீட்டுக்குச் சென்றோம். எமது கணினிக்குரிய யூ.பி.எஸ். பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனோம். நாட்டு நடப்பு அவ்வாறாகியிருக்கின்றது. 2022 மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டைக் கண்டவர்கள் நாம். 2025 பெப்ரவரி 9 ஆம் நாள், அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது, பாணந்துறை உப மின்நிலையத்திற் குரங்கொன்று பட்டதே காரணமென்று அமைச்சர் கூறினார். அந்த நிமிடத்தில் இலங்கையில் எத்தனை பெட்டிகள் புதுப்பிக்கப்பட்டுக் கொண்டிருந்தனவோ!

ஆச்சியின் பெட்டி நின்றதற்கும் மின்வெட்டுத்தான் காரணம் என்று நாம் ஊகித்திருந்தோம். “அண்டைக்குப் பின்னேரம் கறண்ட் போனதோ ஆச்சி?” என்று கேட்டோம்.

“இல்லைத் தம்பி, அண்டைக்குக் கறண்ட் போகேல்லை.”

மாணவன் எம்மைப் பார்த்தான். நாம் மேலே என்ன கேட்பதென்று தெரியாது நின்றோம். ஆச்சி சற்று நேரம் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு மெல்லச் சொன்னார்:

“பெட்டியைத் தொடவேண்டாம் எண்டுதான் பிள்ளை சொல்லிப்போட்டு ரியூசனுக்குப் போனவன். நான் பெட்டியைத் தொடேல்லைத் தம்பி. கனநேரமாய் அந்தக் கோடு ஒரே இடத்திலை நிண்டுது. சூடேறி எரிஞ்சுபோமோ எண்டு பயந்து, சுவரிலை இருக்கிற சுவிச்சைத்தான் நூத்துப்போட்டன்.”

பெட்டியைத் தொடாதே என்பது ஒன்று; மின்சாரத்தை நிறுத்தாதே என்பது வேறொன்று. பதினெட்டு வயதுப் பையனுக்கு இரண்டும் ஒன்றே. வாழ்நாள் முழுவதும், ஏதேனும் கோளாறென்றால் முதலிற் சுவிச்சை நிறுத்து என்று சொல்லிக் கேட்ட ஆச்சிக்கு இரண்டும் வேறு வேறு. இருவருமே பொய் சொல்லவில்லை. வேலை முடியுமுன் எழுந்து போனது பையனின் பிழை என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் நாம் வகுப்பில் ஏசியது அந்தப் பிழைக்காக அன்று.

“ஏன் ஆச்சி இதை மகனுக்குச் சொல்லேல்லை?” என்று கேட்டோம். “அவன் தூரத்திலை இருக்கிறான். தாய்க்கு வயது போட்டுது, தனிய விடேலாது எண்டு யோசிப்பான்” என்றார். அதற்கு எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை.

வேலையைத் தொடங்கினோம். எமது சட்டைப் பையிலிருந்த பென் ட்ரைவை எடுத்துச் செருகி, தாளிற் கண்டவாறு பொத்தானைப் பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுத்தோம். ஒன்றுமில்லை. மூன்று தடவை செய்தோம். மாணவன் தயங்கித் தயங்கி, “சேர், உங்கடை பென் ட்ரைவ் எத்தினை ஜீ.பி.?” என்று கேட்டான். அறுபத்து நான்கு. மேலே இவ்வளவும் எழுதிய நாமே எக்ஸ்ஃபாற் பென் ட்ரைவைச் செருகிக்கொண்டு நின்றோம். அதில் இரண்டாந் தவணை வினாத்தாள்கள் இருந்தமையால், அதனைப் போர்மற் செய்யும் எண்ணத்தை உடனே கைவிட்டோம். பையன் தன்னுடைய பழைய 4 கிகாபைற் பென் ட்ரைவைக் கொடுத்தான். கோப்பை எமது மடிக்கணினியில் ஏற்றி, தாளிற் சொன்ன பெயரை இட்டுச் செருகினோம். மீண்டும் ஒன்றுமில்லை. இம்முறை அவன் கேட்கவுமில்லை. மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, மறைந்திருந்த ஈற்றெழுத்தைத் திறந்து காட்டினான். இரட்டை வால்!

மூன்றாம் முயற்சியிற் பென் ட்ரைவின் விளக்கு மினுங்கியது. திரையில் நீலப் பின்னணியிற் கோடொன்று தோன்றி மெல்ல நகர்ந்தது. யூ.பி.எஸ். அருகில் உறுமிக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டை அண்மித்ததும் கோடு நின்றது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பெரிய பகுதியொன்றை எழுதும் வேளையில் எண் அசையாது நிற்பது இயல்பே. அரை மணி நேரமாவது பொறுத்த பின்னரே நின்றுவிட்டதென்று கொள்ளலாம். இதை அறிந்திருந்தும் எமது கை சுவிச்சின் பக்கம் போகத் துடித்தது என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஆச்சி தமது கைகளிரண்டையும் முதுகுக்குப் பின்னாற் கோத்துக்கொண்டு நின்றார். மூன்றாம் நிமிடத்தில் எண் முப்பத்தொன்பதாயிற்று.

நூறு வந்தது. பெட்டி தானே அணைந்து தானே விழித்தது. பட்டியல் தோன்றியது. ஆனால் படமில்லை! பலர் இவ்விடத்தில், வெற்றி பெற்றதையே தோல்வி என்று எண்ணி, மீண்டும் புதுப்பிக்கத் தொடங்குகின்றனர். அது வேண்டியதில்லை. புதிய மென்பொருள் பெட்டியைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோயிருக்கும். அலைவரிசைப் பட்டியலும் டிஷ்ஷின் விபரங்களும் மறைந்திருக்கும். சிறு டிஷ்ஷின் முனையிலுள்ள எல்.என்.பி. யுனிவேர்சல் வகையாயின் 9750, 10600 என்ற இரு எண்களையும், பெரிய சீ பாண்ட் டிஷ்ஷாயின் 5150 என்பதையும் கொடுத்து, செய்மதியின் பெயரைத் தெரிந்து, மீண்டும் தேடவிடுதல் வேண்டும். புதுப்பிக்குமுன் பழைய மென்பொருளையும் அலைவரிசைப் பட்டியலையும் பென் ட்ரைவிற் சேமித்து வைக்கும் வசதி பல பெட்டிகளில் உண்டு. மாணவன் அதைச் செய்திருக்கவில்லை. எமக்கும் அன்றைக்குத்தான் அது நினைவில் வந்தது.

தேடல் முடிய, பையன் முற்றத்துக்கு ஓடித் தந்தைக்குத் தொலைபேசியிற் சொன்னான். கடையிற் புதுப்பெட்டிக்கு முற்பணம் கட்டுவதற்காக அவர் மறுநாட் காலை போகவிருந்தார். நாமும் அவனிடம், திங்கட்கிழமை முதலாம் பாடத்தில், ஏசிய இடத்திலேயே நின்று வகுப்புக்கு உண்மையைச் சொல்வதாகக் கூறினோம். “பரவாயில்லை சேர்” என்றான். பரவாயில்லை என்று விட்டுவிடக்கூடிய விடயமன்று அது, சொன்னோம்.

ஆனால் அன்று மாலை ஆச்சியின் கவலை வேறாக இருந்தது. கோயிற் பூசை அலைவரிசை முன்பு ஏழாம் இலக்கத்தில் இருந்ததாம். இப்போது நூற்று நாற்பத்தொன்றில் இருந்தது. “நூத்தி நாப்பத்தொண்டு எனக்கு அமத்தத் தெரியாது தம்பி” என்றார். பட்டியலைத் திறந்து, அலைவரிசைகளை ஒவ்வொன்றாக இடம் பெயர்த்து, ஏழாம் இலக்கத்துக்கு அதனைக் கொண்டுவந்து சேர்க்க மேலும் அரை மணி நேரம் சென்றது. ஆச்சி றிமோட்டை வாங்கி ஏழை அமத்தினார். மணியோசை கேட்டது.